சினிமாவுக்கான ஆடியோ, வீடியோ டெக்னிக்கை யுனிவர்சிட்டியில படிக்கிறது எப்படி: அட்மிஷன்லேர்ந்து கடைசி வருஷ ப்ராஜெக்ட் வரைக்கும் முழு வழிகாட்டி

சினிமா ப்ரொடக்‌ஷன் படிக்கணும்னு கிளம்புறவங்க கிட்ட பேசிப் பாருங்க, பேச்சு முழுக்க கேமராவுலயேதான் சுத்தும். எந்த பாடி, எந்த லென்ஸ், 4கே போதுமா 6கே வேணுமா. சவுண்டைப் பத்தி ஒரு வார்த்தை வராது. அப்புறம் முதல் ஷார்ட் ஃபிலிமை ஸ்க்ரீனிங் ரூம்ல போடும்போது பார்த்தா விஷுவல் பிரமாதமா இருக்கும், ஆனா யார் என்ன பேசுறாங்கன்னே புரியாது, பார்க்கிறவங்க கொஞ்ச நேரத்துலயே கதையை விட்டு வெளிய வந்துடுவாங்க. படம் கொஞ்சம் கிரெயினா இருந்தா ஆடியன்ஸ் பொறுத்துக்குவாங்க, வசனம் கேட்கலைன்னா பொறுத்துக்க மாட்டாங்க.

அதனால இந்த கைடு முழுக்க நான் ஒரே விஷயத்தைத்தான் அழுத்திச் சொல்லப் போறேன்: ஆடியோவையும் வீடியோவையும் ரெண்டு தனித்தனி சப்ஜெக்டா படிக்காதீங்க, முதல் செமஸ்டர்லேர்ந்தே ஒண்ணா படிங்க. வால்டர் மர்ச்னு ஒருத்தர், ஒரே படத்துக்காக எடிட்டிங்குக்கும் சவுண்டுக்கும் சேர்த்து ரெண்டு ஆஸ்கார் வாங்கினவர். வெட்டுறதும் கேட்கிறதும் அவருக்கு வேற வேற வேலையே இல்ல. நீங்க கடைசில கேமராமேன் ஆனாலும் சரி, மிக்ஸிங் இன்ஜினியர் ஆனாலும் சரி, இந்தப் பழக்கம் கூடவே வரும்.

படி 1: கோர்ஸைத் தேர்ந்தெடுக்கிறது

பேரைப் பார்த்து மயங்காதீங்க. ஃபிலிம் ஸ்டடீஸ்னு இருந்தா அது பெரும்பாலும் படத்தைப் பத்தி எழுதுற, அலசுற கோர்ஸ். ஃபிலிம் ப்ரொடக்‌ஷன், ஃபிலிம்மேக்கிங்னு இருந்தா படம் எடுக்கிற கோர்ஸ். மீடியா, மாஸ் கம்யூனிகேஷன்ல ப்ரொடக்‌ஷன் ஒரு பகுதியா மட்டும் வரும். சவுண்ட் இன்ஜினியரிங்னு இருக்கிறது பல இடத்துல மியூசிக் ரெக்கார்டிங் பக்கம் சாஞ்சிருக்கும், சினிமா சவுண்டுக்கு அதுல எவ்வளவு இடம்னு கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். பேர் என்னவா இருந்தாலும் சிலபஸை இறக்கி, பிராக்டிகலுக்கு எத்தனை கிரெடிட், தியரிக்கு எத்தனைன்னு பேனாவால கோடு போட்டு எண்ணிப் பாருங்க.

அப்புறம் கேம்பஸைப் பார்க்கப் போகும்போது, இல்ல ஆன்லைன் ஓப்பன் டேல, இதையெல்லாம் நேரடியாவே கேளுங்க. ஒரு வருஷத்துல ஒரு ஸ்டூடண்ட் எத்தனை படத்துல வேலை பார்க்கணும்? கேமரா கிட்டை வீக்கெண்டுக்கு வெளிய எடுத்துட்டுப் போக விடுவாங்களா, இன்ஷூரன்ஸ் யார் பேர்ல? மிக்ஸிங் ரூம் இருக்கா, ஸ்டீரியோ மட்டுமா இல்ல 5.1 ஸ்பீக்கர் செட்டப்பா (சுத்தி அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்)? ப்ரொஜெக்டர் போட்டு பெரிய ஸ்க்ரீன்ல பார்க்கிற வசதி இருக்கா? ஸ்டூடண்ட் எடுத்த படத்தோட காப்பிரைட் ஸ்டூடண்ட் கிட்ட இருக்குமா யுனிவர்சிட்டி கிட்ட போகுமா? இந்தக் கடைசிக் கேள்வியை யாருமே கேட்கிறதில்ல, ஆனா நாளைக்கு உங்க படத்தை ஃபெஸ்டிவலுக்கு அனுப்பும்போது முதல்ல வந்து நிக்கிறது இதுதான்.

எக்விப்மெண்ட் லிஸ்டைப் பார்த்து மட்டும் முடிவு பண்ணிடாதீங்க. உலகத்துலயே பழைய ஃபிலிம் ஸ்கூல் 1919ல மாஸ்கோவுல ஆரம்பிச்சது. அப்போ அங்க ஃபிலிம் ரோலுக்கே தட்டுப்பாடு, அதனால லெவ் குலேஷோவோட வொர்க்‌ஷாப்ல ஸ்டூடண்ட்ஸ் ஃபிலிமே இல்லாம காட்சிகளை நடிச்சு, ஷாட் ஷாட்டா பிரிச்சு பயிற்சி எடுத்தாங்க, ஏற்கெனவே எடுத்து வச்சிருந்த படங்களை வெட்டி ஒட்டிப் பழகினாங்க. ஒரு ஷாட்டுக்குப் பக்கத்துல இன்னொரு ஷாட் வந்தா அர்த்தம் எப்படி மாறுதுன்னு நாம இன்னிக்கும் படிக்கிற பாடம் அந்த இடத்துல வந்ததுதான். சொல்லிக்குடுக்கிறவங்க யாரு, அவங்க உங்க ரஷ்ஷை, அதாவது இன்னும் வெட்டாத ஃபுட்டேஜை, பக்கத்துல உட்கார்ந்து பார்த்து கருத்து சொல்வாங்களா, இதுதான் கேமரா மாடலை விட முக்கியம்.

அட்மிஷனுக்கு போர்ட்ஃபோலியோ கேட்டாங்கன்னா சின்னதா அனுப்புங்க. ரெண்டு மூணு நிமிஷ வேலை போதும். அதுல நீங்க என்ன பண்ணினீங்கன்னு தெளிவா எழுதுங்க, "டைரக்‌ஷன், கேமரா, எடிட்டிங் எல்லாம் நானே"ன்னு இருக்கிறதை விட "இந்த சீன்ல சவுண்ட் ரெக்கார்ட் பண்ணேன், மைக்கை இங்க வச்சதுக்குக் காரணம் இது"ன்னு ஒரு பாரா இருந்தா படிக்கிறவங்களுக்கு உங்க யோசனை தெரியும்.

படி 2: கிளாஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி

கணக்கு, பிசிக்ஸ்னா பயப்படுறவங்க நிறைய பேர் இருக்கீங்க. தேவைப்படுறது கொஞ்சம்தான், ஆனா அந்தக் கொஞ்சம் நல்லாத் தெரியணும். டெசிபல்ங்கிறது சத்தத்தோட அளவைச் சொல்ற லாக் (லாகரிதம்) ஸ்கேல், சிக்னலோட அளவு இரட்டிச்சா 6 டெசிபல் ஏறும். திறந்தவெளியில மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரட்டிச்சா அதே 6 டெசிபல் குறையும். லைட்டும் அப்படித்தான், ஒரு சின்ன லைட்டை 1 மீட்டர்லேர்ந்து 2 மீட்டருக்குத் தள்ளினா முகத்துல விழுற வெளிச்சம் பாதியா குறையாது, கால்வாசியாயிடும், அதாவது ரெண்டு ஸ்டாப் போயிடும் (வெளிச்சம் பாதியானா ஒரு ஸ்டாப்). லென்ஸோட துவாரம் எவ்வளவு திறந்திருக்குன்னு காட்டுற 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16ங்கிற வரிசையை மனப்பாடம் பண்ணிடுங்க, ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகும்.

காசு செலவு பண்ணி ஏதாவது வாங்கணும்னா கேமரா வாங்காதீங்க, அது டிபார்ட்மெண்ட்ல இருக்கும். நல்ல குளோஸ்டு பேக் ஹெட்ஃபோன் ஒண்ணு வாங்குங்க, காதை முழுசா மூடுறது, பாஸைக் கூட்டிக்காட்டாதது. அடுத்தது எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், ஒண்ணு இல்ல ரெண்டு. ஏன் ரெண்டுன்னு பின்னாடி சொல்றேன்.

படி 3: முதல் செமஸ்டர், கேமரா பக்கம்

ஆட்டோவை ஆஃப் பண்ணிட்டு ஆரம்பிங்க. ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், ஆட்டோ ஃபோகஸ் மூணும் உங்களுக்காக முடிவெடுத்துக்கிட்டே இருந்தா நீங்க எதையும் கத்துக்க மாட்டீங்க.

சினிமாவோட வழக்கமான வேகம் செகண்டுக்கு 24 ஃபிரேம். ஷட்டர் ஒவ்வொரு ஃபிரேமோட நேரத்துல பாதிக்குத் திறந்திருக்கணும், ஷட்டர் ஆங்கிள்ல சொன்னா 180 டிகிரி, அதாவது 1/48 செகண்ட். இந்த அளவுல அசைவு கொஞ்சம் கலங்கித் தெரியும், கண்ணுக்கு சினிமான்னு படுறதுல அதுக்கு பெரிய பங்கு இருக்கு. ஷட்டரை ரொம்ப வேகமா வச்சா அசைவு வெட்டி வெட்டித் தெரியும், சண்டைக் காட்சியில அதையே வேணும்னு பண்ணுவாங்க. ஆனா நீங்க இருக்கிற நாட்டுல கரண்ட் 50 ஹெர்ட்ஸா இருந்தா சில டியூப் லைட், மட்டமான எல்இடி லைட் எல்லாம் செகண்டுக்கு 100 தடவை மினுங்கும், அது ஷட்டரோட ஒத்துப் போகாட்டி ஸ்க்ரீன்ல பட்டை பட்டையா ஓடும். அப்போ ஷட்டரை 1/50க்கு, ஆங்கிள்ல சொன்னா 172.8 டிகிரிக்கு மாத்துங்க, சரியாயிடும். 60 ஹெர்ட்ஸ் நாட்டுல 1/60 பக்கம் போகணும்.

கலர் டெம்பரேச்சர்: டங்ஸ்டன் லைட் 3200 கெல்வின், பகல் வெளிச்சம் ஏறக்குறைய 5600. ஜன்னல் ஒரு பக்கம், வீட்டு பல்பு ஒரு பக்கம்னு இருக்கிற ரூம்ல ஷூட் பண்ணா முகத்துல பாதி நீலம் பாதி ஆரஞ்சா வரும். அது கதைக்கு வேணும்னா விடுங்க, வேண்டாம்னா ஒண்ணை அணைங்க, இல்ல லைட் முன்னாடி ஜெல் (கலர் ஷீட்) போடுங்க. "போஸ்ட்ல பார்த்துக்கலாம்"ங்கிற வார்த்தையை மட்டும் செட்ல சொல்லாதீங்க.

ஒரு பயிற்சி சொல்றேன், இதை ஒரு சாயங்காலம் முழுக்க பண்ணுங்க. ஒரு இருட்டு ரூம், ஒரு ஆள், ஒரே ஒரு லைட். லைட்டை முகத்துக்கு நேரா வச்சு ஒரு ஷாட், 45 டிகிரி பக்கவாட்டுல ஒண்ணு, 90 டிகிரில ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. அப்புறம் அதே லைட்டை வெள்ளைத் துணி வழியா விட்டு அதே நாலையும் எடுங்க. மூக்கோட நிழல் எங்க விழுது, அதோட ஓரம் கத்தியா இருக்கா மெத்துனு இருக்கா, கண்ணுக்குள்ள வெள்ளைப் புள்ளி தெரியுதா காணாமப் போகுதா, இதையெல்லாம் நோட்ல எழுதுங்க. கண்ணுல அந்தப் புள்ளி இல்லாத முகம் எப்படி செத்துப் போய்த் தெரியுதுன்னு ஒரு தடவை நீங்களே பார்த்துட்டா எந்த புத்தகமும் அதைச் சொல்லத் தேவையில்ல.

8 பிட், 10 பிட் பத்தியும் சீக்கிரமே புரிஞ்சுக்கோங்க. 8 பிட்ல ஒரு கலர் சேனலுக்கு 256 படிநிலை, 10 பிட்ல 1024. லாக்ல, அதாவது பின்னாடி கலர் சரி பண்ண வசதியா கான்ட்ராஸ்ட் கம்மியா பதியுற மோட்ல, ஷூட் பண்ணிட்டு டிஐயில (கலர் சரி பண்ற கட்டத்துல) இழுத்துப் பிடிச்சா 8 பிட் ஃபுட்டேஜ்ல வானம் கோடு கோடா உடையும். உங்க கேமராவுல 8 பிட்தான்னா லாக்ல எடுக்காம, வேணும்ங்கிற லுக்குக்குப் பக்கத்துலயே எக்ஸ்போஸ் பண்ணி எடுங்க, அது ஒண்ணும் கேவலமில்ல.

படி 4: சவுண்ட் ரெக்கார்டிங்

இங்க கொஞ்சம் நிதானமா போகலாம், ஏன்னா கிளாஸ்ல இதுக்குக் கிடைக்கிற நேரம் எப்பவும் கம்மி.

செட்டிங் எளிது: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மனுஷக் காது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேட்கும், சாம்ப்ளிங் (செகண்டுக்கு எத்தனை தடவை சத்தத்தை அளக்கிறோம்ங்கிறது) அதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல இருந்தாப் போதும், 48 சினிமாவுக்கும் டிவிக்கும் பொதுவான அளவு. லெவல் வைக்கும்போது வசனம் சராசரியா மைனஸ் 20 டெசிபல் பக்கமும் உச்சம் மைனஸ் 12 பக்கமும் இருக்கிற மாதிரி வைங்க. 0வைத் தொட்டா கிளிப் ஆயிடும், அதாவது சத்தத்தோட உச்சி வெட்டுப்பட்டு உடையும், போனது போனதுதான். இப்போ 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வந்திருக்கு, அதுல ஃபைல் கிளிப் ஆகாது, ஆனா மைக்கே தாங்காம உடைஞ்சா, இல்ல சட்டையில மாட்டுற லேப்பல் மைக் துணியில உரசினா அதை எந்த ஃப்ளோட்டும் காப்பாத்தாது.

மைக் எங்க இருக்குங்கிறதுதான் எல்லாமே. கேமரா மேல இருக்கிற மைக் கேமரா கிட்ட இருக்கு, பேசுறவர் கிட்ட இல்ல, அதனால அது சிங்க் பண்ண, அதாவது படத்தையும் சத்தத்தையும் ஒத்துப்போக வைக்க, ரெஃபரன்ஸுக்கு மட்டும். பூம் மைக்கை (நீளமான கம்பு நுனியில மாட்டுற மைக்) ஃபிரேமுக்கு மேல, எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட, வாய்க்கு நேரா இல்லாம நெஞ்சுப் பக்கம் பார்த்த மாதிரி பிடிங்க. வெளியில நீளமான ஷாட்கன் மைக் நல்லா வேலை செய்யும், சின்ன ரூமுக்குள்ள அதே மைக் சுவர்லேர்ந்து வர்ற எதிரொலியைச் சேர்த்துக்கிட்டு டப்பாக்குள்ள பேசின மாதிரி கொடுக்கும், அங்க முன்பக்க சத்தத்தையே அதிகமா பிடிக்கிற, நீளம் கம்மியான ஹைப்பர்கார்டியாய்டு மைக் எடுங்க. கண்டென்சர் மைக்னா 48 வோல்ட் ஃபாண்டம் பவர் (ரெக்கார்டர்லேர்ந்து கேபிள் வழியா மைக்குக்குப் போற கரண்ட்) ஆன் பண்ணியிருக்கான்னு பாருங்க, மைக் செத்துடுச்சுன்னு அலறுறதுல பாதி இதுதான்.

பூம் பிடிக்கிறது உடம்பு வேலை. கம்பை தலைக்கு மேல தூக்கி, கையை ரொம்ப மடக்காம, தோள் எலும்பு மேல பாரம் நேரா இறங்குற மாதிரி நில்லுங்க. விரல்ல மோதிரம், கையில வாட்ச் எதுவும் வேண்டாம், கம்புல ஒரு தட்டு தட்டினாலும் ரெக்கார்டிங்ல கேட்கும். கேபிளை கம்போட இறுக்கமா ஓட விடுங்க, தொங்கினா ஆடி சத்தம் வரும். ரிகர்சல்லயே வசனத்தைப் பாதி மனப்பாடம் பண்ணிடுங்க, ஏன்னா அடுத்து யார் பேசப் போறாங்கன்னு உங்களுக்கு முன்கூட்டியே தெரியணும், மைக் அந்த முகத்துக்கு வார்த்தைக்கு முன்னாடி போய்ச் சேரணும், வார்த்தைக்குப் பின்னாடி போனா முதல் எழுத்து மங்கிடும். கேமராமேன் கிட்ட போய் ஃபிரேமோட மேல் ஓரம் எங்கன்னு கேட்டு, மைக்கை உள்ள தெரியுற வரைக்கும் இறக்கி அப்புறம் ஒரு அடி ஏத்திக்கோங்க. இதை ஒவ்வொரு லென்ஸ் மாறும்போதும் திரும்பப் பண்ணணும்.

டேக் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஹெட்ஃபோன் போட்டு கண்ணை மூடி நில்லுங்க. ஃபேன், ஏசி, ஃபிரிட்ஜ், தூரத்து ஜெனரேட்டர் எல்லாம் அப்போதான் ஒண்ணொண்ணா வெளிய வரும். ஃபிரிட்ஜை ஆஃப் பண்ணா வண்டி சாவியை ஃபிரிட்ஜுக்குள்ளயே வச்சிடுங்க, கிளம்ப சாவியை எடுக்கும்போது அதைத் திரும்ப ஆன் பண்ண ஞாபகம் வரும், வீட்டுக்காரங்க சாப்பாடு கெட்டுப்போக விடாம கிளம்புறதுக்கு சவுண்ட் ஆளுங்க ரொம்ப காலமா பண்ற வழி இது.

லொகேஷன் முடியும்போது எல்லாரையும் அசையாம நிக்க வச்சு ஒரு நிமிஷம் ரூம் டோன் எடுங்க. அமைதிக்கும் ஒரு சத்தம் இருக்கு, ஒவ்வொரு ரூமுக்கும் வேற வேற. எடிட்ல ரெண்டு வசனத்துக்கு நடுவுல இருக்கிற ஓட்டையை அதை வச்சுதான் அடைக்கணும், வெறும் மௌனத்தை வச்சு அடைச்சா ஸ்பீக்கர் ஆஃப் ஆன மாதிரி இருக்கும். ஒரு வசனத்து மேல ஃப்ளைட் சத்தம் விழுந்திருந்தா அந்த ஆர்ட்டிஸ்டை அங்கயே, அதே உணர்ச்சி ஆறுறதுக்குள்ள, கேமரா இல்லாம வசனத்தை மட்டும் சொல்ல வச்சு எடுங்க, அதுக்குப் பேரு வைல்ட் ட்ராக். பின்னாடி ஸ்டூடியோவுல டப்பிங் பண்றதை விட பல சமயம் இது நல்லா உட்காரும். எந்த டேக்ல என்ன பிரச்சனைன்னு சவுண்ட் ரிப்போர்ட்ல எழுதி வைங்க.

படி 5: கிளாப், சிங்க், பேக்கப்

படமும் சத்தமும் வேற வேற மெஷின்ல போறதால ரெண்டையும் சேர்க்க ஒரு அடையாளம் வேணும். கிளாப் பலகை ரெண்டும் தொடுற ஃபிரேமும் அந்த 'டக்'ங்கிற சத்தமும் ஒண்ணா உட்கார்ந்தா மிச்சம் தானா உட்காரும். ரெண்டு மெஷின்லயும் ஒரே நேரத்தைப் பதியுற டைம்கோட் இருந்தாலும் கிளாப் அடிங்க.

சிங்க் நகர்றதுக்கு வழக்கமான காரணம் ஃபிரேம் ரேட் குழப்பம். 24ம் 23.976ம் பக்கத்துப் பக்கத்து நம்பராத் தெரியும், ஆனா அந்த ஆயிரத்துல ஒரு பங்கு வித்தியாசம் பத்து நிமிஷத்துல அரை செகண்டுக்கு மேல ஆயிடும், உதடு ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம் போகும். ஷூட்டுக்கு முன்னாடியே கேமரா, ரெக்கார்டர், எடிட் ப்ராஜெக்ட் மூணுலயும் ஒரே நம்பர் இருக்கான்னு பேப்பர்ல எழுதி எல்லாரும் பார்த்துடுங்க. தூரமும் சிங்கை மாத்தும்: சத்தம் செகண்டுக்கு 343 மீட்டர்தான் போகும், 24 ஃபிரேம்ல ஒரு ஃபிரேமுக்கு 14 மீட்டர் சொச்சம், அதனால கிளாப் அடிக்கிறவர் மைக்கை விட்டு ரொம்ப தூரத்துல நிக்க வேண்டாம்.

டேட்டா எவ்வளவு ஆகும்னு முன்கூட்டியே கணக்குப் போடுங்க. 4கேல ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூங்கிற உயர்தர வீடியோ ஃபார்மட்ல எடுத்தா ஒரு மணி நேர ஃபுட்டேஜ் 300 ஜிபியைத் தாண்டும், அதே ஒரு மணி நேரத்துக்கு ஒரு மைக்கோட ஆடியோ சுமார் 500 எம்பிதான். கார்டு காப்பி ஆனதும் மூணு காப்பி, ரெண்டு வகை ஸ்டோரேஜ், ஒண்ணு வேற இடத்துல. நான் ரெண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கச் சொன்னது இதுக்குத்தான், மூணாவது காப்பி டிபார்ட்மெண்ட் சர்வர்ல. வெறுமனே இழுத்துப் போட்டு காப்பி பண்ணாம காப்பி ஒரிஜினலோட அச்சு அசலா ஒத்துப்போகுதான்னு செக்சம் பார்க்கிற சாஃப்ட்வேர்ல பண்ணுங்க, காப்பியைத் திறந்து ஓட விட்டுப் பார்க்காம கார்டை ஃபார்மட் பண்ணாதீங்க.

படி 6: எடிட்டிங்

கம்ப்யூட்டர் திணறினா ப்ராக்ஸி (ஃபுட்டேஜோட சின்ன சைஸ் காப்பி) போட்டு வெட்டுங்க, அதுக்கு மேல சாஃப்ட்வேரைப் பத்தி நான் பேசப் போறதில்ல, எதுல கத்துக்கிட்டாலும் இன்னொண்ணுக்கு மாறிக்கலாம்.

முக்கியமானது வசனத்தை வெட்டுறது. ஆரம்பத்துல எல்லாரும் பேசுறவர் முகத்தைக் காட்டி, அவர் முடிச்சதும் அடுத்தவர் முகத்துக்கு வெட்டுவாங்க, பிங்பாங் மேட்ச் மாதிரி தலை இப்படியும் அப்படியும் ஆடும். படத்தையும் சத்தத்தையும் ஒரே இடத்துல வெட்டாம ஒண்ணை முன்னாடியும் ஒண்ணைப் பின்னாடியும் தள்ளிப் பாருங்க. அடுத்தவர் குரல் முதல்ல வந்து முகம் அப்புறம் வந்தா ஜே கட், குரல் தொடர்ந்துக்கிட்டே கேட்கிறவர் முகத்தைக் காட்டினா எல் கட். அம்மா கிட்ட "நான் ஊருக்குப் போறேன்"னு பையன் சொல்ற சீன்னு வைங்க, "நான்"ல அவன் முகம், "ஊருக்கு"ல அம்மா முகத்துக்குப் போயிட்டா அந்த "போறேன்" அம்மா முகத்துல விழும். வசனம் ஒண்ணுதான், ஆனா சீன் இப்போ அம்மாவோடதாயிடுச்சு. இதே மூணு வார்த்தையை மூணு விதமா வெட்டி கிளாஸ்ல போட்டுக் காட்டுங்க, எதுல யார் பக்கம் மனசு போகுதுன்னு மத்தவங்களைக் கேளுங்க.

எடிட் முடிஞ்சா பிக்சர் லாக்னு அறிவிச்சுட்டு அதுக்கப்புறம் ஒரு ஃபிரேம் கூட அசைக்காதீங்க. நீங்க ஆசைக்கு எடுக்கிற அஞ்சு ஃபிரேம் சவுண்ட் எடிட்டரோட மொத்த டைம்லைனையும் தள்ளிடும். சவுண்டுக்கு அனுப்பும்போது ஏஏஎஃப் ஃபைல் (எடிட் டைம்லைனை சவுண்ட் சாஃப்ட்வேருக்குக் கொண்டு போறது), ஒவ்வொரு கிளிப்புக்கும் முன்னாடி பின்னாடி சில செகண்ட் ஹேண்டில் (உபரி ஆடியோ), டைம்கோட் படத்து மேலயே தெரியுற ரெஃபரன்ஸ் வீடியோ, படம் ஆரம்பிக்க ரெண்டு செகண்ட் முன்னாடி ஒரே ஒரு ஃபிரேம் நீளத்துக்கு 1 கிலோஹெர்ட்ஸ் பீப். கடைசி மிக்ஸ் திரும்பி வரும்போது சிங்க் சரியான்னு அந்த பீப்பை வச்சு ஒரு நொடியில பார்த்துடலாம்.

படி 7: சவுண்ட் போஸ்ட்

வரிசை இதுதான்: முதல்ல வசனத்தைச் சுத்தம் பண்ணி ஷாட்டுக்கு ஷாட் பின்னணி சத்தம் குதிக்காம ரூம் டோனால கோர்க்கணும், அப்புறம் தேவையான இடத்துல டப்பிங், அப்புறம் ஃபோலி (படத்தைப் பார்த்துக்கிட்டே நடை, துணி உரசல் மாதிரி சத்தத்தை உண்டாக்குறது), ஆம்பியன்ஸ் (அந்த இடத்தோட பின்னணி சத்தம்), எஃபெக்ட்ஸ், மியூசிக், கடைசியில மிக்ஸ். வசனத்தைத் தொடாம மியூசிக்கை முதல்ல போட்டு அதுக்குள்ள எல்லாத்தையும் மறைக்கப் பார்க்கிறது ஸ்டூடண்ட் படத்துல ரொம்ப சகஜம், அந்த மறைப்பு தியேட்டர்ல போட்டா நிக்காது.

ஃபோலி எல்லா ஸ்டூடண்டும் ஒரு தடவையாவது கையால பண்ணணும். 1920களோட கடைசியில யுனிவர்சல் ஸ்டூடியோவுல ஜாக் ஃபோலி படத்தைத் திரையில ஓடவிட்டு அதைப் பார்த்துக்கிட்டே காலடிச் சத்தத்தை உண்டாக்கினார், பேரே அவர்தான். ஒரு நிமிஷக் காட்சியை எடுத்து அதுல இருக்கிற மொத்த சத்தத்தையும் அழிச்சிட்டு நீங்களே புதுசா உண்டாக்குங்க: நடை, துணி உரசல், கதவுப் பிடி, டம்ளர் வைக்கிறது. நடக்கிறவரோட குதிகால் எந்த ஃபிரேம்ல தரையைத் தொடுதுன்னு பார்க்கப் பார்க்க நடிப்பையே வேற மாதிரி கவனிக்க ஆரம்பிப்பீங்க. கோபமா நடக்கிறவருக்கு சத்தத்தைக் கூட்டி வைக்க வேண்டியதில்ல, குதிகால் அழுத்தமா விழுந்தாப் போதும்.

மிக்ஸ்ல வசனம், மியூசிக், எஃபெக்ட்ஸ் மூணையும் தனித்தனி ஸ்டெம்மா (தனி ஆடியோ ஃபைலா) வச்சுக்கோங்க, வேற மொழியில டப் பண்ணணும்னா வசனத்தை மட்டும் எடுத்துட்டு மிச்சத்தைக் கொடுக்கலாம். மொத்த சத்தத்தோட அளவு, படத்தை எங்க காட்டப் போறோம்ங்கிறதைப் பொறுத்து மாறும். ஐரோப்பிய டிவிக்கு மைனஸ் 23 லஃப்ஸ்னு (காதுக்குப் படுற சராசரி சத்தத்தோட அலகு) ஆர்128 ஸ்டாண்டர்ட் இருக்கு, அமெரிக்க டிவிக்கு மைனஸ் 24. தியேட்டருக்கு அப்படி மொத்தப் படத்துக்கும் ஒரு நம்பர் கிடையாது, பெரிய மிக்ஸிங் தியேட்டர்ல ஸ்பீக்கரை 85 டெசிபலுக்கு காலிபரேட் பண்ணிட்டு அந்த வால்யூம் குமிழைத் தொடாம காதால மிக்ஸ் பண்ணுவாங்க. சின்ன ரூம்னா அதுலேர்ந்து சில டெசிபல் குறைச்சு வைக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை காதுக்கு ரெஸ்ட் கொடுங்க, களைச்ச காது ட்ரெபிளைக் கூட்டிக்கிட்டே போகும்.

படி 8: டிஐ, எக்ஸ்போர்ட்

டிஐக்கு வேவ்ஃபார்ம் (வெளிச்சத்தோட அளவைக் காட்டுறது), வெக்டர்ஸ்கோப் (கலரைக் காட்டுறது) படிக்கக் கத்துக்கோங்க, கண் பத்து நிமிஷத்துல எந்தக் கலருக்கும் பழகிடும், ஸ்கோப் பழகாது. முதல்ல ஷாட்களை ஒண்ணோட ஒண்ணு மேட்ச் பண்ணுங்க, லுக் அப்புறம்.

தியேட்டர் காப்பி டிசிபின்னு (டிஜிட்டல் சினிமா பேக்கேஜ்) போகும், உள்ள ஜேபெக் 2000 படமும் அமுக்காத 24 பிட் ஆடியோவும். 2கேல ஃப்ளாட் ஃபிரேம் 1998க்கு 1080 பிக்சல், அதை விட அகலமான ஸ்கோப் 2048க்கு 858. கலரும் டிஜிட்டல் சினிமாவுக்கான எக்ஸ்ஒய்இசட் கலர் ஸ்பேஸுக்கு மாறும், மாத்தும்போது தப்பு நடந்தா படம் முழுக்க பச்சையடிச்சோ வெளிறியோ வரும். அதனால ஸ்க்ரீனிங்குக்கு முதல் நாள் அந்த ஹால்லயே, அந்த ப்ரொஜெக்டர்லயே அஞ்சு நிமிஷமாவது ஓட்டிப் பாருங்க.

படி 9: டீம், சேஃப்டி, பேப்பர்

ஒவ்வொரு படத்துலயும் ரோலை மாத்திக்கோங்க. முதல் ரெண்டு வருஷத்துல ஒரு தடவையாவது பூம் பிடிச்சிருக்கணும், ஒரு தடவையாவது டேட்டா பார்த்திருக்கணும், டைரக்டர் ஆகத்தான் வந்தேன்னு இருக்கிறவங்க முக்கியமா.

லைட் ஸ்டாண்டுக்கெல்லாம் மணல் மூட்டை, நடைபாதையில போற கேபிளுக்கெல்லாம் டேப், சூடான டங்ஸ்டன் லைட்டைத் தொட கிளவுஸ். களைச்சுப் போன க்ரூவை வச்சு விடிய விடிய இழுக்காதீங்க, வீட்டுக்கு வண்டி ஓட்டிட்டுப் போறவங்க நடுவுல இருக்காங்க. நடிச்சவங்க கிட்ட ரிலீஸ் ஃபார்ம், இடத்துக்கு எழுத்துல அனுமதி, பாட்டுக்கு உரிமை, இது மூணும் ஷூட் அன்னிக்கே ஃபைல்ல இருக்கணும். பாட்டுக்கு ரெண்டு உரிமை உண்டுங்கிறதையும் மறக்காதீங்க, இசையமைப்புக்கு ஒண்ணு, அந்த ரெக்கார்டிங்குக்கு ஒண்ணு.

படி 10: தியரியும் மார்க்கும்

தியரி கிளாஸைக் கட் அடிக்காதீங்க. ஒரு காட்சியை மூணு தடவை பாருங்க: சாதாரணமா ஒரு தடவை, சத்தத்தை மியூட் பண்ணி ஒரு தடவை, ஸ்க்ரீனுக்கு முதுகைக் காட்டி கேட்டு மட்டும் ஒரு தடவை. மூணுக்கும் தனித்தனியா குறிப்பு எழுதுங்க. தியரி பேப்பருக்கு வேண்டிய பாதி விஷயம் அந்தக் குறிப்புலயே இருக்கும், அடுத்த ஷூட்டுக்கு வேண்டிய ஐடியாவும் அங்கதான் இருக்கும்.

யுனிவர்சிட்டில படத்துக்கு மட்டும் மார்க் போட மாட்டாங்க, அதை எப்படிப் பண்ணீங்கங்கிறதுக்கும் போடுவாங்க. அதனால ஒவ்வொரு ஷூட்டுக்கும் ஒரு ப்ரொடக்‌ஷன் டைரி வைங்க, லைட் பிளான், மைக் எங்க வச்சீங்க, எதை மாத்தினீங்க, ஏன் மாத்தினீங்க. "நல்லா வந்துச்சு"ன்னு எழுதினா மார்க் வராது. "சுவர்ல எதிரொலி இருந்துச்சு, கம்பளி தொங்கவிட்டு மைக்கை ஒரு அடி கிட்ட கொண்டு வந்தோம், இதோ ரெண்டு சாம்பிளும்"னு எழுதினா வரும்.

படி 11: கடைசி வருஷம்

ஃபைனல் ப்ராஜெக்டுக்கு பெருசா ஆசைப்படுறது தப்பில்ல, ஆனா ஸ்க்ரிப்டைப் படிக்கும்போதே சத்தத்துக்கு தனியா ஒரு காலம் போட்டு எழுதுங்க: இந்த சீன் எந்த இடம், அங்க இயல்பா என்ன கேட்கும், வசனத்தை அங்கயே எடுக்க முடியுமா. ஒரு பிஸி ரோட்டோர சீனை மாடிக்கு மாத்தினா கதைக்கு நஷ்டமில்லன்னா இப்பவே மாத்திடுங்க. ஷெட்யூல் போடும்போது சவுண்ட் போஸ்டுக்கு எடிட்டிங்குக்கு கொடுக்கிற அளவு நாளாவது ஒதுக்குங்க, கடைசி ரெண்டு நாள்ல மிக்ஸ்னு வச்சா அந்த ரெண்டு நாளும் எடிட்டே தின்னுடும்.

ஷோரீல் ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிச்சுடுங்க, சிறந்த ஷாட் முதல்ல வரணும். கேமரா ஆளுங்களுக்கு இது போதும். சவுண்ட் ஆளுங்க பாட்டைப் போட்டு மான்டாஜ் பண்ணாதீங்க, உங்க வேலையே அதுல கேட்காது. ஒரு முழு காட்சியைக் கொடுங்க, முதல்ல லொகேஷன்ல எடுத்த பச்சை சவுண்ட், அடுத்து நீங்க முடிச்சது, அதே காட்சி திரும்ப. எடிட்டர்னா வெட்டாத ஒரு டேக்கும் வெட்டின சீனும். ஒவ்வொண்ணுக்கும் கீழ உங்க ரோல் என்னன்னு ஒரு வரி, கூட வேலை பார்த்தவங்க பேரு ஒரு வரி. முதல் வேலை அசிஸ்டெண்டாத்தான் கிடைக்கும், அதுவும் பெரும்பாலும் உங்க பேட்ச்மேட் யாராவது போன் பண்ணி "நாளைக்கு ஒரு ஷூட், பூம் பிடிக்க ஆள் இல்ல, வர்றியா"ன்னு கேட்டுத்தான் கிடைக்கும், அப்போ ஹெட்ஃபோனை எடுத்துட்டு கால் டைமுக்கு (ஷூட்டுக்கு வரச் சொன்ன நேரம்) அரை மணி நேரம் முன்னாடியே போய் நில்லுங்க, ஃபிரிட்ஜ் எங்க இருக்குன்னு முதல்ல பாருங்க.